கோபத்தின் மேல் பூசிய வெள்ளை

இலுப்பூர் காஜா மைதீனின் மனைவி சம்சுன் நிஹாருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாரப் பத்திரிகை வந்தால் பக்கத்து வீட்டுக்கு முதலில் போகிறவள் அவள்தான். அந்த வீட்டுப் பொன்னுத்தாயின் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார், சந்தா கட்டியிருந்தார். பத்திரிகையில் வாராவாரம் ஒரு குண்டுக் குமாஸ்தாவும் அவர் சம்சாரமும் வரும் வேடிக்கைப் படம் உண்டு.

பொன்னுத்தாய் படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்க வாயெடுத்தால் சம்சு தடுத்துவிடுவாள்.

"இருங்க. இவ என்ன சொல்றான்னு நானே சொல்றேன்."

அவள் சொல்வது சில வாரம் அச்சிலிருப்பதை விடச் சிரிப்பாக இருக்கும். சில வாரம் சம்பந்தமே இருக்காது. இருவருக்கும் அது போதும்.

யுத்தகாலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அந்தப் புகையில் பஸ் ஓட்டிய சமயம், நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புருஷனோடு மதராஸ் போனாள். அங்கே அவள் தம்பி கிபாயத்துல்லா, பத்திரிகைப் படங்களை அச்சடிக்க உலோகத் தகட்டில் பிளாக் செய்யும் கடையில் வேலை பார்த்தான். அக்காவின் பைத்தியம் அவனுக்குத் தெரியும். முதலாளியிடம் கேட்டு, கடை மூடியிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரையும் கூட்டிப்போனான்.

அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து ஜன்னலோரம் வைத்தான். அடுத்த வாரப் படம். சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக இருந்தது. குமாஸ்தா பஸ்ஸைத் தள்ளுகிறார். சம்சாரம் உள்ளே உட்கார்ந்து தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்க்கிறாள். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை.

"எழுத்து எங்கடா?"

"அது தனியா அச்சுக் கோப்பாங்கக்கா. வரையறவரு படத்தை மட்டும்தான் அனுப்புவாரு."

சம்சு குனிந்து பார்த்தாள். மை காய்ந்த கோடுகளுக்கு நடுவே அழியாத பென்சில் கோடுகள். சம்சாரத்தின் மார்புக்கு நேரே மட்டும் வெள்ளைச் சாயம் திட்டாக ஏறியிருந்தது.

"இது என்ன?"

"தப்பா வரைஞ்சா வெள்ளை பூசி மேல வரைவாங்க. அச்சுல தெரியாது."

அவள் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கை மங்கலாகத் தெரிந்தது. இறுக்கிக் கட்டிய கை.

"மொதல்ல இவ கோவமா உக்காந்திருக்கா," என்றாள் மெதுவாக. "பொறவு மனசு கேக்கல. திரும்பிப் பாக்குறா."

காஜா மைதீனும் குனிந்து பார்த்தார். "ஆமா, கை தெரியுது," என்றார். எங்கோ ஒருவர் இந்தக் கையை எப்படி வைப்பதென்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. அட்டையை மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தாள். தம்பியும் அவசரப்படுத்தவில்லை.

ஊர் திரும்பியபின் அந்தப் படம் உள்ளங்கை அளவில் அச்சாகி வந்தது. வெள்ளைத் திட்டு இல்லை. இந்தத் தடவை அவளே கேட்டாள்.

"கீழ என்ன போட்டிருக்கு?"

பொன்னுத்தாய் படித்தாள்: "மெதுவாத் தள்ளுங்க. வண்டி கிளம்பிட்டா நீங்க எப்படி ஏறுவீங்க?"

சம்சுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் உள்ளே மறைந்திருக்கும் கைகளைப் பற்றிச் சொன்னாள். பொன்னுத்தாய் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கத்து மருந்து விளம்பரம்தான் தெரிந்தது.

"நீங்க சொன்னா சரி," என்றாள்.

அதன்பின் இரண்டு தடவை மதராஸ் போனாள் சம்சு. இரண்டு தடவையும் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் தம்பி வேலை பார்க்கும் கடைக்குப் போய்விட்டு அப்புறம் அங்கிட்டுப் போகலாம் என்றாள்.