ராஜகுமாரியின் முற்றுப்புள்ளி

"பையா, ஏக் சாய் குடுங்க, நேத்து மழையில நனைஞ்சு தொண்டை கட்டிக்கிச்சு, டாக்டர் சொன்னாரு கி இஞ்சி போட்டுக் குடிக்கணும், அதனால..." ராஜகுமாரி முடிப்பதற்குள் இஞ்சித் தேநீர் அவள் கைக்கு வந்துவிடும். படகுத்துறைத் தேநீர்க்கடைக்காரருக்கு அவளுடைய வாக்கியங்களின் கடைசிப் பகுதி தேவைப்பட்டதே இல்லை.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இந்தி புழங்கும் ஷாதிபூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். படகுத்துறையில் தமிழ் அறிவிப்பு அவள் வேலை. குரலில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அந்தக் 'கி' இருக்கிறதே, 'என்று' என்ற சொல் பார்க்க வேண்டிய வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, பேச்சை நீட்டிக்கொண்டே போகும். ரயிலே இல்லாத தீவில் அவள் வாக்கியங்கள் மட்டும் பெட்டி பெட்டியாக ஓடும்.

போன மழைக்காலத்தில் அது வினையாக முடிந்தது. ஹட்பே துறையிலிருந்து வரும் படகு தாமதமானபோது, "கேப்டன் சொன்னாரு கி கடல் ஜாஸ்தியாகி, இஞ்சின் நின்னுபோயி, போட் சாய்ஞ்சு..." என்று ஒலிபெருக்கியில் சொல்லி அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில், மகனுக்காகக் காத்திருந்த மங்கையர்க்கரசி மயங்கி விழுந்துவிட்டாள். "எல்லாரும் பத்திரமா இருக்காங்க" என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் மைக் வேறு கைக்குப் போகும் என்றார் அதிகாரி. வேலை போவதைவிட, அந்த அம்மாள் விழுந்த சத்தம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அஞ்சல்வழித் தமிழ்ப் படிப்பில் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் முதன்மை வாக்கியமும் சார்பு வாக்கியமும் பாடம். "தனியா நிக்கிறது முதன்மை. இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது சார்பு" என்றாள் ஆசிரியை சங்கவி.

"அப்ப நான், துணைக்கு வந்த கூட்டத்தையெல்லாம் முன்னாடி விட்டுட்டு, முக்கியமான ஆளைக் கடைசியில விடுறேன், மேடம்" என்றாள் ராஜகுமாரி. தன் தமிழே கோணல் என்று பயந்துகிடந்தவளுக்கு, வரிசைதான் கோணல் என்று தெரிந்ததில் அப்படியொரு நிம்மதி. வீடு போகும் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நேற்று ஹட்பே படகு மறுபடியும் தாமதம். மங்கையர்க்கரசி தூணைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தபடி ராஜகுமாரி மைக் பொத்தானை அழுத்தினாள்.

"ஹட்பே படகில் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கடலும் இஞ்சினும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. நிற்கட்டும் என்று விட்டாள். வெளியே மங்கையர்க்கரசி தூணை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான், மிச்சத்தைச் சொல்ல, ராஜகுமாரி மறுபடி பொத்தானைத் தொட்டாள்.