தலையில்லாத பெட்டிசம்

எங்கள் ஐயா மறியற்சாலைக் காவலர். உள்ளே கிடந்தவர்களுக்கெல்லாம் வெளியே வரும் திகதி ஒன்று இருந்தது, ஐயாவுக்குத்தான் இல்லை. கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்லுடைப்பு இல்லை; காவலருக்கு ஏழு நாளும் காவல். ஐயா எண்ணெய் வைத்துச் சனி முழுக்கு முழுகி எத்தனை மாதம் என்று அம்மா விரல்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்குமுன் ஐயா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

மாதம் இரண்டு சனிக்கிழமை ஓய்வு கேட்டுக் காவலர்கள் மறியற்சாலையை ஆண்ட வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு பெட்டிசம் எழுதினார்கள். சங்கம் என்று வாயால் சொன்னாலே சீருடையைக் கழற்றவைக்கும் காலம். முதற் கையெழுத்து யாருடையதோ அவருக்கு வேலை போகும். ஆகவே தனித்தாளில், வண்டிச் சில்லின் கம்புகளைப்போல வட்டமாகக் கையெழுத்து வைத்தார்கள். அம்மாவின் தம்பியும் அங்கேயே காவலருமாயிருந்த என் அம்மானின் யோசனை அது.

"தலையில்லாத பாம்பை எங்கை அடிக்கிறது, அத்தான்?" என்று ஐயாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மூன்று நாள் அந்தத் தாள் எங்கள் வீட்டில் கிடந்தது. காவல் மாறிப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒழுங்கையை எட்டிப் பார்த்து, கையெழுத்து வைத்து, தேத்தண்ணியும் குடியாமல் போனார்கள். ஐயா இருப்பார், எழும்புவார், படலை வரை போவார், திரும்புவார். பின்னால் நானும் நடந்தேன். எட்டு வயதில், எதற்கென்று தெரியாமலே நன்றாக நடப்பேன்.

கடைசி நாள் பின்னேரம் ஐயா கிணற்றடிக்குப் போன நேரம் தாளைப் பார்த்தேன். பெரிய பிழையொன்று தெரிந்தது. எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களைக் குட்டிப் படிப்பித்திருந்தார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் வட்டத்துக்கு உச்சி எது? தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளையார் முதலில் எங்கள் ஐயாவைக் கவனிக்கட்டும் என்று அவருடைய பெயருக்கு மேலே, நாக்கைக் கடித்துக்கொண்டு, வடிவாகப் போட்டேன். ஐயா அவசரத்தில் பார்க்காமலே சுருட்டி அனுப்பிவிட்டார்.

துரைக்குச் சுழி தெரியாது. சுழி உள்ள இடமே தலை என்று அவருடைய கிளாக்கருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஐயா மத்தியானமே சீருடையில்லாமல் வீட்டுக்கு வந்தார். பின்னால் அம்மான்.

"நீங்கள் சுழி போடேல்லை எண்டு எனக்குத் தெரியும், அத்தான். பிறகேன் துரையிட்டை ஓம் எண்டனீங்கள்?"

"ஓம் எண்டால் மற்றவையைத் தொடமாட்டாராம். சனிக்கிழமையும் தாறாராம். விடு, தம்பி."

"உந்தச் சுழியை ஆர் போட்டது?"

பெருமையோடு வாயைத் திறந்தேன். ஐயா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டார்.

மற்றவர்களுக்குச் சனிக்கிழமை கிடைத்தது. ஐயாவுக்கு எல்லாக் கிழமையும் கிடைத்தது. அடுத்த சனியன்று ஓய்வு முறை வந்த காவலர்கள் ஈரத்தலையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கத்தரிக்காய், ஒருவர் ஒரு கொத்து அரிசி, ஒருவர் பனங்கிழங்கு காயவைத்த ஒடியல். ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீடு அவ்வளவு நிறைந்து நான் கண்டதில்லை.

"ஐயாவை மாதாமாதம் வேலையாலை நிப்பாட்டினால் நல்லது, என்னம்மா?" என்றேன்.

அம்மா கையை ஓங்கினார். ஐயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், நெடுநேரம் விடவில்லை. நல்லதைச் சொன்னதற்கு ஏன் அடி என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒடியலைக் கடித்தேன்.