கடைசி வண்டி எழுதிய தாள்

பழைய ராணுவத் தாள்களில் ஆள் தேடுகிற வேலையில் முதலில் கெடுவது கண், அடுத்துக் கெடுவது குணம். எனக்குக் குணம் ஏற்கெனவே கெட்டிருந்ததால் நஷ்டம் கண்ணோடு போயிற்று. நீங்களும் அப்பாவையோ தாத்தாவையோ தேடி ஆவணக் காப்பகத்து மேசையில் தும்மிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினேன், முப்பது வருடம். இந்த வயதில் என்னை ஆராய்ச்சிக்காரனாக்கியது என் சம்பந்தி.

கல் வைத்தார்கள்

சம்பந்தி அந்தோணிசாமிக்கும் எனக்கும் ஒரே ஊர், சேவுகம்பட்டிப் பக்கம். அவர் அப்பா இன்னாசியும் என் அப்பா சவரிமுத்துவும் இரண்டாம் உலகப் போருக்கு ஒன்றாகக் கிளம்பிப் போனவர்கள். இன்னாசி மெடலும் காகிதமுமாகத் திரும்பி வந்தார். என் அப்பா கொண்டுவந்தது வெள்ளைப் பெயிண்டில் ராணுவ நம்பர் எழுதிய ஓர் இரும்புப் பெட்டி மட்டும். எனக்கு விவரம் தெரியும் முன்பே இறந்தும் போனார். என் மகன் கல்யாணப் பந்தியில் சம்பந்தி, தன் அப்பா பர்மா எல்லையில் லாரி ஓட்டினார் என்றும், என் அப்பா மதுரை ஸ்டேஷனில் ராணுவ மூட்டைக்குக் காவல் இருந்தார் என்றும் நாலு பேர் கேட்கச் சொன்னார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அந்த ஆளின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், போருக்குப் போனவர்கள் பெயரை வெட்டி ஊர் நூலகத்து வாசலில் கல் வைக்க முடிவானது. கமிட்டித் தலைவர் சம்பந்திதான். அப்பா பெயரையும் சேர்க்கச் சொல்லிப் போய் நின்றேன். மரியாதையாக மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தாளு ஒண்ணு கொண்டாங்க சம்பந்தி, வெட்டிருவோம். தாளில்லாம வெட்டுனா ஊர்ல அம்புட்டுப் பேரு அப்பாவும் பர்மாவுக்குப் போயிருவாக."

கொள்ளு தின்ற வீரர்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பேகம்பூரில் தோல் கடை வைத்திருக்கும் காஜா பாய்க்குத் தெரியும். தோல் மண்டியில் நாற்பது வருடம் கடிதம் படித்தவர், எப்பேர்ப்பட்ட கோழிக்கிறுக்கலையும் படித்துவிடுவார். இருவரும் ரயிலேறிச் சென்னைக் காப்பகத்துக்குப் போனோம்.

இரண்டாம் நாளே பெட்டி நம்பர் அப்படியே ஒரு பட்டியலில் கிடைத்தது. பாய் வரிசையாகப் படித்தார்: உடம்பு திடம், மலை ஏறுவதில் கெட்டி, சுமை இரண்டு மணங்கு, அதாவது எழுபது எண்பது கிலோ. அப்பா இவ்வளவு சுமந்தாரா என்று கண் கலங்கினேன். சாப்பாட்டுக் கட்டத்தில் கொள்ளும் வைக்கோலும் இருந்தபோதுகூட, போர்க்காலப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டோம். கட்டு எடுத்துக் கொடுக்கும் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இது கோவேறு கழுதைங்க பட்டியல். நம்பர் குளம்புல போட்டது."

பேராசிரியருக்கு ஒரு பாடம்

பக்கத்து மேசையில் ஒரு பேராசிரியர், திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு மலைப்பாதையில் போன ராணுவ லாரி வரிசைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எந்த வரிசை எத்தனை மணிக்குக் கிளம்பியது, வண்டிக்கு வண்டி எத்தனை கஜம் இடைவெளி என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தார். பாய் அதை எனக்கு விளக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்புகிற நேரம் முதலாளி ஆசைப்பட்ட நேரம், அதை நம்பி என்ன பிரயோசனம் என்று கேட்டேன். குமுளி மலையில் நாங்கள் ஆறு லாரி சேர்ந்து ஏறுவோம். எவன் டயர் வெடித்தது, எவன் ரேடியேட்டர் கொதித்து நின்றான் என்பது முன்னால் போகிறவனுக்குத் தெரியாது. எல்லாரையும் தாண்டி வருகிற கடைசி வண்டிக்காரனுக்குத்தான் தெரியும். ராணுவத்திலும் மெக்கானிக்கோடு ஒரு கடைசி வண்டி வந்திருக்கும், அவன் எழுதின தாள் எங்கே என்றேன். அவர் பேனாவை மூடினார். பிறகு, டெல்லிக்கு எழுதி வரவழைத்த நகல்களில் அடியில் கிடந்த ஒரு கட்டை எடுத்துத் தூசி தட்டினார். "ரிப்பேர் கணக்குதானேன்னு இதை நான் பிரிக்கவே இல்லீங்க," என்றார்.

சமையல்காரர்

அந்தக் கட்டின் நகலை வாங்கிவந்து பாய் கடையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தோம். செய்தி பரவிச் சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் தாத்தா சுபேதார் என்று வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களாம். தேடிக் கொடுத்தோம். தாத்தா அந்த லாரி வரிசையில் சமையல்காரர், அவர் போன லாரி சேற்றில் இறங்கியதால் பெயர் வந்திருக்கிறது. அடிக்க வருவாரோ என்று பாய் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வந்தவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி, சமையக்காரராவே இருக்கட்டும். வெஞ்சனம் நல்லா இருந்துச்சுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

மடித்த தாள்

கல்லில் பாதிப் பெயர்கள் வெட்டியாகி, கொத்துகிறவர் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அப்பா கிடைத்தார். டிரைவர் சவரிமுத்து. பெட்டியிலிருந்த அதே நம்பர். மலையேற்றத்தில் லாரி ஆக்சில் கட்டாகி நின்றது. பர்மா எல்லைக்குப் போகிற பாதை, கழுதை இல்லை, மதுரை ஸ்டேஷனும் இல்லை. நான் பாயைக் கட்டிப்பிடித்தேன். அவர் மட்டும் மேலே படித்துக்கொண்டே போனார், குரல் இறங்கியது.

நின்ற வண்டியை விட்டுவிட்டுப் போக வேண்டும், கடைசி வண்டி பார்த்துக்கொள்ளும் என்பது உத்தரவு. முன்னால் போன லாரியின் டிரைவர் உத்தரவை மீறி நிறுத்தி, கயிறு கட்டி, என் அப்பாவின் வண்டியை அடுத்த முகாம்வரை இழுத்துப் போயிருக்கிறார். அதனால் வரிசை தாமதப்பட்டு அவருக்கு ஏழு நாள் தண்டனை வேலை. அந்த டிரைவர் பெயர் இன்னாசி.

சம்பந்தி வீட்டு இன்னாசியேதான். தாளை முழுசாகக் காட்டினால் அவர் அப்பா இழுத்துப் போன ஆளின் மகன் ஆகிவிடுவேன். மறுநாள் தாளை அப்பா பெயருக்குக் கீழே மடித்து, இப்படிக் காட்டினால் போதாதா என்று பாயைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டுங்கண்ணே. ஆனா அவரு அத்தா வாங்குன தண்டனைய நீங்க ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிரும், பாத்துக்கங்க."

கயிறு கட்டிய வரிசை

தாளை விரித்தபடியே கொண்டுபோனேன். என் மருமகள் ரோஸியையும் அழைத்துப் போனேன். அவள் சம்பந்தியின் மகள், இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வந்தாள். கயிறு வந்த இடத்தில் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னாசி இந்த விஷயத்தை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லையாம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ரோஸி படித்தாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார், நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பந்தியில் பேசியதை இப்போதாவது வாபஸ் வாங்குவார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து சட்டையை மாட்டி, கொத்துகிறவரிடம் இப்பவே போகலாம் என்று கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா பேருக்கு அடுத்தாப்புல உங்கப்பா பேர வெட்டச் சொல்றேன் சம்பந்தி. முன்னால போடச் சொல்லி மட்டும் கேக்காதீக, கயிறு அப்படிக் கட்டல."

தேடுகிறவர்களே, தேடிய தாள் கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் வருத்தத்தோடு போய்விடும். கிடைத்துவிட்டால்தான் அதில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுப் பொங்கலுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.