காற்றை அளக்காத நூல்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சிறிய சுகாதார அலுவலகத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காத காலம், எல்லாமே சைக்கிளில்தான். பிள்ளைகளுக்கான போலியோ சொட்டு மருந்துகூட ஐஸ் அடைத்த பெட்டியில், கரியரில் கட்டி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றின் கிளினிக்குக்குப் போகும். ஐஸ் உருகமுன் போய்ச் சேர வேண்டும். சூடேறினால் மருந்து பழுது.

பெட்டியைக் கொண்டுபோகிறவர் எங்கள் அலுவலக உதவியாளர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் அவருடையது. எப்போதும் காட்டு வழியாகச் சுற்றித்தான் போவார். ஏன் சுற்றுகிறார் என்று எனக்கு ஒரே யோசனை. மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கிவிட்டேன்.

நான் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், வீட்டில் வலைநூலுக்குப் பஞ்சமில்லை. பழைய வீதிப்படம் ஒன்றைப் பார்த்து, சந்திக்கு ஒரு முடிச்சு, மைலுக்கு இரண்டு விரற்கடை நூல் என்று அந்தப் பகுதி வீதிகள் முழுவதையும் நூலிலேயே பின்னி எடுத்தேன். புறப்படும் இடத்து முடிச்சை ஒரு கையிலும் போய்ச் சேரும் இடத்து முடிச்சை மறுகையிலும் பிடித்து இழுத்தால், சுற்று வழிகளெல்லாம் தொய்ந்து தொங்கும். விறைத்து நிற்கிற நூல்தான் குறுகிய வழி. கணக்கே வேண்டாம்! அலுவலகத்தில் ஒருவர் விடாமல் வந்து இழுத்துப் பார்த்தார்கள். "எங்கட ஊர் முரசுமோட்டையை விட்டிட்டீர், அதையும் பின்னும் பிள்ளை" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அப்படியொரு சந்தோஷம்.

நூல் காட்டியது குளக்கட்டு வழியை. காட்டு வழியைவிட மூன்று மைல் குறைவு. நூலை மட்டும் நம்பக்கூடாதென்று, ஒட்டுசுட்டானில் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருநாள் அந்த வழியாலேயே வந்து பார்த்தேன். சைக்கிள் மிதிக்காமலே பறந்தது.

அடுத்த கிளினிக் நாளில் அந்த வழியால் போகச் சொன்னேன். "குளக்கட்டுப் பக்கம் இப்ப வேணாங்க மிஸ்" என்றார் உதவியாளர்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "அந்த வழியில தேத்தண்ணிக் கடை இல்லை, அதுதானே?" என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தேன். அவர் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார். என் கெட்டித்தனத்தைக் கண்ணால் பார்க்க, நானும் இன்னொரு சைக்கிளில் கூடப் புறப்பட்டேன்.

குளக்கட்டில் ஏறியதுமே தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. அப்போதுதான் விளங்கியது: அன்றைக்கு நான் பறந்தது திரும்பி வரும்போது. இதே காற்று என் முதுகைத் தள்ளியிருக்கிறது. சோளகம் பார்த்துக் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் காற்றை மறந்துவிட்டேன். வெட்கக்கேடு! முதலில் சைக்கிளை விட்டு இறங்கியதும் நான்தான். உருட்டிக்கொண்டே நடந்தோம். பெட்டியின் மூலையால் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அவர் தன் சேர்ட்டைக் கழற்றிக் குளத்தில் நனைத்துப் பெட்டிமேல் போர்த்தினார்.

போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. புளியமரத்தடியில் தாய்மார் கைக்குழந்தைகளோடு காத்திருந்தார்கள். கிளினிக் மருத்துவமாது பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "தண்ணியே சுடுது. இதை ஒரு பிள்ளைக்கும் குடுக்கேலாது" என்றவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "ஏன் இவ்வளவு நேரம்? எங்க நிண்டனீங்கள்?"

"காத்துங்க அம்மா" என்றார் அவர், அவ்வளவுதான்.

"நான் சொன்ன வழி. அவர் வேண்டாமெண்டு சொன்னவர், நான்தான் கேக்கேல்ல" என்றேன். தாய்மார் பிள்ளைகளின் மருந்து அட்டைகளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பினார்கள்.

அதன்பிறகு அவரிடம் ஒவ்வொரு வழியாகக் கேட்டு எழுதினேன். காட்டுக்குள் காற்று ஏறாது, அதுதான் அவருடைய சுற்று வழியின் இரகசியம். "அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்க கேக்கலியே மிஸ்" என்றார்.

அடுத்த மாதம் காட்டு வழியால் மருந்து நல்லபடியாகப் போனது. அன்றைக்குப் புளியமரத்தடியில் காத்திருந்தவர்களில் ஒரு தாயைத் தவிர எல்லோரும் பிள்ளைகளோடு வந்தார்கள். அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது. எங்கே போனார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, கணினித் தரவுத்தளத்தில் வீதிகளைப் பதிந்து குறுகிய வழி கண்டுபிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. முடிச்சும் நூலும்தான், பெயர்தான் வேறு. ஆனால் அதில் ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு கட்டங்கள் இருந்தன: போவதற்கு எவ்வளவு நேரம், திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரம். இப்போதும் அந்த வீதியில் போய்வருகிறவர்களைக் கேட்காமல் நான் எந்தக் கட்டத்தையும் நிரப்புவதில்லை. இடம்பெயர்ந்துபோன அந்தத் தாயின் பிள்ளைக்கு வேறு எங்கேயாவது யாராவது சொட்டு மருந்து விட்டிருக்க வேண்டுமே என்று, இன்றைக்கும் மனம் கிடந்து பதறுகிறது.