சட்டை மார்பில் மூன்று கோடுகள்

எம்பிராய்டரி அக்கா பதினெட்டு வருடமாக ஒரே மெஷினை ஓட்டுகிறார். சீருடைக்குப் பெயர், ஹோட்டல் துண்டுக்கு எழுத்து, கம்பெனிச் சட்டைக்கு முத்திரை. அப்படித்தான் கால்பந்து அணியின் ஆர்டரும் வந்தது. அணித்தலைவர் நீட்டிய காகிதத்தில் ஒரு வட்டம், அதன் கீழே நெளிநெளியாக மூன்று கோடு.

அது அக்காவின் இனத்தாருடைய குறி. அவர்கள் இனச் சங்கத்தின் பெயர்ப்பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதைத்தான் போடுவார்கள். அணியிலோ அவர்கள் இனத்தவர் ஒருவர்கூட இல்லை.

பஸ் ஓட்டும் தம்பி மதியம் சாப்பிட வந்து காகிதத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தான். பள்ளியில் நோட்டு அட்டையில் இதை வரைந்ததற்காக வகுப்பே அவனைக் கேலி செய்திருக்கிறது.

"அன்னைக்கு நாம போட்டா காட்டுக் கோடு. இன்னைக்கு அவங்க போட்டா ஸ்டைலா? தைக்காதக்கா."

அக்காவின் மகள் அதே வடிவத்தில் காதணி போட்டிருந்தாள். நாலு பேர் கண்ணில் படட்டுமே, பொத்தி வைத்து என்ன கண்டோம் என்று மாமனோடு மல்லுக்கு நின்றாள். இருவருக்கும் சாப்பிட்ட கை காய்ந்துபோனது.

அக்காவைக் குடைந்தது வேறு கேள்வி. இதற்கு என்னதான் அர்த்தம்? வீரம் என்றான் தம்பி. சூரியனும் ஆறும் என்றாள் மகள். காதணி விற்றவர் சொன்னாராம். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் சித்திக்கு அக்கா போன் போட்டார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

"வீரமா? பச்சைக் குழந்தை தூங்குது, சத்தம் போடாம போங்கன்னு அர்த்தம்டி. நீ பொறந்தப்பகூட கதவுல வரைஞ்சோம்."

மாதிரி பார்க்க வந்த அணித்தலைவரிடம், இதை ஏன் எடுத்தீர்கள் என்று அக்கா கேட்டார். ஒரு காபி கோப்பையில் பார்த்தாராம், முரட்டுத்தனமாக இருந்ததாம், எதிரணி பயப்படும் என்று நினைத்தாராம். அக்கா அர்த்தத்தைச் சொன்னார். அவர் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க போட்டா தப்பாக்கா?"

"தெரியலப்பா. இதுவரைக்கும் யாரும் எங்களக் கேட்டதில்ல. சங்கத்துல வந்து கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. எதிர்த்துப் பேசியவர்களில் தம்பிதான் காரசாரம். வீரச் சின்னம் என்று சங்கச் செயலாளர் முழங்கிக்கொண்டிருந்தபோது சித்தி எழுந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். கூடத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும், தங்கள் மற்ற குறிகளைப் பற்றியும், அதற்கு என்ன அர்த்தம், இதற்கு என்ன அர்த்தம் என்று ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில், இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி வந்து கேட்கட்டும் என்று முடிவானது. அணித்தலைவர் மறுபேச்சில்லாமல் காளைத் தலை முத்திரைக்கு மாறிக்கொண்டார். மகளுக்கு மட்டும் இரண்டு நாள் முகம் தொங்கியிருந்தது.

அக்கா ஒரு நோட்டு வாங்கினார். விடுமுறை நாட்களில் தம்பியைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். இதுவரை பதினொரு குறி கிடைத்திருக்கிறது. அதில் நான்குக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்.