தவளை முட்டைக்கு நான் செய்த உதவி

பத்து நாளாக எனக்குத் தூக்கமில்லை. காரணம்... தவளை முட்டை!

சிரிக்காதீர்கள். செங்கம் ரோட்டில் எங்கள் பக்கத்து போர்ஷன் பஷீர், காலேஜில் விலங்கியல் விரிவுரையாளர். டாக்டர் பட்டத்துக்காக மலைத் தவளைகளை ஆராய்கிறார். இரண்டு வருஷம் கொடைக்கானல் பக்கம் அலைந்து, இப்போதுதான் ஓர் இலையோடு இருபத்து மூன்று முட்டைகள் கிடைத்தன. மிளகு அளவு, கண்ணாடி மாதிரி. மண்சட்டியில் பாசி பரப்பி, ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தார்.

திடீரென்று வேலூரிலிருந்து தந்தி. மாமனாருக்கு உடம்பு சரியில்லை. சட்டி என் கைக்கு வந்தது.

"சார், ஈரம் மட்டும் கம்மியாகாம பாத்துக்குங்க. இது போச்சுன்னா இனி அடுத்த வருஷ மழைக்குத்தான்."

நம்ம ஊர் வெயில் தெரியுமே? குளிரில் பிறந்த முட்டை தாங்குமா? ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் முட்டை ஞாபகம். மத்தியானம் சைக்கிளை மிதித்து வந்து சாக்கை நனைத்தேன். மூன்றாம் நாள் புது பயம் — முட்டை பொரிந்துவிட்டால்? தலைப்பிரட்டைகள் எங்கே போய் நீந்தும்? பேசினில் தண்ணீர் நிரப்பி, இலையோடு உள்ளே அமுக்கினேன்.

"அவரு தண்ணியில போடச் சொன்னாரா?" என்றாள் என் மனைவி சரோஜா.

"தவளைக்குத் தண்ணி வேணும்னு தனியா வேற சொல்லணுமா?"

மறுநாள் காலை பஷீர் திரும்பினார். பேசினைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, என்ன சார் பண்ணிட்டீங்க! இது தலைப்பிரட்டையே ஆகாத ஜாதி. முட்டைக்குள்ளயே கால் முளைச்சு, குட்டித் தவளையாத்தான் வெளிய வரும். தண்ணியில போட்டா மூச்சு முட்டிச் செத்துடும் சார்!"

இலையோடு எடுத்து, மறுபடி பாசியில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை! முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. இரண்டு வருஷ உழைப்பை ஒரே நாளில் மூழ்கடித்த பாவி நான் என்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "சார்!" என்று சத்தம். ஓடினேன், பின்னாலேயே சரோஜாவும். பாசி மேல் அரிசி மணியளவில் ஒரு தவளை... நாலு கால், இரண்டு கண், எல்லாம் சரியாக! மொத்தம் ஆறு தேறின. ஆராய்ச்சிக்கு அது போதுமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க பஷீர். இனிமே என்ன செய்யணும்னு சொல்லுங்க, அப்படியே செய்றேன்."

அவர் சட்டியை மெல்ல சரோஜா பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணும் செய்ய வேணாம் சார். நீங்க சும்மா இருந்தா போதும், அதுங்க பொழைச்சுக்கும்."

இருக்கிறேன்... ஆனால் சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான வேலை தெரியுமா?