ஊசி நோட்டில் ஒரு வரி

எங்க கம்பெனியில ஒரு ஊசி உடைஞ்சா மெஷின் நிக்கும், லைன் நிக்கும், சூப்பர்வைசருக்கு மூச்சும் நிக்கும். சும்மா சொல்லலீங்க. நாங்க தைக்கிறது கைக்கொழந்தைங்க போடற துணி. ஊசி உடைஞ்சா ஒவ்வொரு துண்டும் கைக்கு வந்தாகணும். பொறுக்குன துண்டுகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்து, முழு ஊசி ஆச்சுன்னா டேப் போட்டு நோட்டுல ஒட்டி, எந்த மெஷின், எத்தனை மணி, எங்க கெடைச்சதுன்னு எழுதி, அப்புறந்தான் டெய்லருக்குப் புது ஊசி. கடுகத்தனை துண்டு கொறைஞ்சாலும் அந்த பண்டில் மொத்தமும் ஓரமாப் போயிரும். பழைய ஊசியக் குடுத்தாத்தான் புது ஊசி, அது யாரா இருந்தாலும் சரி. அந்த நோட்டு பதினோரு வருசமா என் கையில இருக்கு. முதுகுக்குப் பின்னால எனக்கு ஊசி மேடம்னு பேரு வெச்சிருக்கறாங்கன்னும் தெரியும். வெச்சுட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவ நான் என் சொந்த ஊசி ஒண்ணைத் தொலைச்சேன். 

கலியாணமாகி ஒம்பது வருசத்துக்கு அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கொழந்தை உண்டாகறதுக்கு வைத்தியம் பார்த்தோம். அது ரெண்டாவது தடவை. மொதத் தடவை பக்கத்துக் கிளினிக்ல நர்ஸ் ஊசி போட்டுவிட்டாங்க, அதனால சேதி ஊடு ஊடாப் பரவிருச்சு. கரு தங்கலைன்னதும் காங்கேயத்துல இருந்து ஒரம்பரை சனமெல்லாம் எழவுக்கு வர்ற மாதிரி வண்டி புடிச்சு வந்தாங்க. காபி போட்டுப் போட்டே எனக்குக் கை ஓஞ்சு போச்சு. அதனால ரெண்டாவது தடவை எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாதுன்னு முடிவு பண்ணுனேன். ஊசிய நானே போட்டுக்கறேன்னு நர்ஸ்கிட்டச் சொன்னேன். வாய்தான் சொல்லுச்சு. அந்தம்மா பத்தே நிமிசத்துல பொடியக் கரைக்கறது, தடி ஊசியில உறிஞ்சறது, அதைக் கழட்டிட்டு மெல்லிசு ஊசி மாட்டறது, தொப்புளுக்கு ரெண்டு வெரக்கடை தள்ளித் தோலைக் கிள்ளிப் புடிச்சு எறக்கறதுன்னு காட்டி முடிச்சு, அவ்வளவுதான் சிஸ்டர், எல்லாரும் போட்டுக்கறாங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.  ஊசியையே நம்பிப் பொழைக்கிறவ, அந்த ஊசி என் வயித்தைப் பார்த்து நிக்கறப்ப தலையத் திருப்பிக்கிட்டேன்.

மொத நாள் ஊட்டுலதான் போட்டேன். எங்கூட்டுக்காரரு பாட்டிலைப் புடிச்சுக்கறேன்னு வீரமா வந்தாரு. ஊசி முனை தோலைத் தொட்டதும் சொவத்தோட சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஊசி போட்டுக்கிட்டவ நானு, மூஞ்சியில தண்ணி தெளிச்சது அவருக்கு. அதுக்கப்புறம் நீங்க வெளியவே இருங்க சாமின்னு சொல்லிட்டேன்.

தெனமும் ஒரே நேரத்துல போடணும், ஆறு மணின்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க. ஷிப்டு முடிய எட்டரை ஆகும். மொத நாள் ஞாயித்துக்கெழமை, தப்பிச்சேன். திங்கள்ல இருந்து கம்பெனியிலதான் போட்டாகணும். பாத்ரூம்ல போட மனசு ஒப்பல. மெட்டல் டிடெக்டர் ரூம் இருக்கு. சின்ன ரூம், ஒரு மேசை, உள்தாழ்ப்பாள், சாவி என்கிட்ட. பேக்கிங்குக்குப் போற ஒவ்வொரு துணியும் அந்த மெஷினோட பெல்ட்டுல ஏறி எறங்கித்தான் போகணும், உள்ளே ஊசித்துண்டு இருந்தா மெஷின் கத்தும். ஆறு மணி டீ பிரேக்ல எல்லாரும் வெளிய போனதும் நான் தாழ் போட்டுக்குவேன். மருந்தை ஐஸ் வெச்ச தூக்குப்பையில கொண்டு போவேன். என்னங்க மேடம் தெனம் பைன்னு கேட்டாங்க, மோருன்னு சொன்னேன். அடுத்த நாளே ரெண்டு பேரு டம்ளரோட வந்து நின்னாங்க. அட கெரகமே, அதுக்கப்புறம் நெசமாவே மோரும் சேர்த்துச் சொமந்தேன்.

ஊசி குத்தறது ஒரு வலியே இல்ல. மருந்து உள்ளே எறங்குது பாருங்க, அதுதான். பச்சமொளகாயக் கிள்ளித் தோலுக்குள்ள தேச்ச மாதிரி எரியும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில வெச்சுக் குளிர் போக்கிட்டுப் போட்டா எரிச்சல் கொறையும்னு மூணாம் நாள் நானாக் கண்டுபுடிச்சேன். சுடிதார் டாப்போட கீழ் ஓரத்தைச் சுருட்டிப் பல்லுல கடிச்சுக்குவேன். வயிறும் தெரியும், வாயும் அடையும். ஒண்ணு ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணி ஊசிய உருவுவேன். அஞ்சாம் நாள் வயித்துல நீலம் பாயாத எடத்தைத் தேட வேண்டியதாப் போச்சு. ஆறாம் நாள் வயிறு உப்பிப் பேண்ட் நாடாவைத் தளர்த்தி விட்டேன். தும்முனா வலி, சிரிச்சா வலி, படியேறுனா உள்ளே கல்லு உருள்ற மாதிரி வலி. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா எல்லாம் நார்மல்தான் சிஸ்டர்னாங்க. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா போகப் போக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். எங்க வலிச்சாலும் நார்மல்.

ஏழாம் நாள். அன்னிக்கு எட்டு மணிக்குக் கன்டெய்னர் லாரி கெளம்பணும். மெஷின்ல ஏறி எறங்கி பாஸான துணி மூணு டிரேல, கொழந்தைங்களோட வெள்ளை ஜம்ப் சூட்டு, மேசை மேல என் பக்கத்துலயே இருந்துச்சு. ஊசியப் போட்டு உருவி, மெல்லிசு ஊசியச் சிரிஞ்ச்ல இருந்து கழட்டறேன், கதவு தடதடன்னு தட்டறாங்க. பேக்கிங்ல இருந்து டிரே எடுக்க வந்திருக்கறாங்க, டீ கூடக் குடிக்காம. பல்லுல இருந்த துணிய விட்டேன், பேண்ட்டை மேல இழுத்தேன், மருந்துச் சாமானையெல்லாம் பைக்குள்ள அள்ளிப் போட்டுட்டுத் தாழைத் திறந்தேன். மூணு டிரேயும் போச்சு.

அதுக்கப்புறம் உக்காந்து எண்ணுனேன். பழக்கம், விடுமா? வீசற ஊசி எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன், ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்க. தடி ஊசி ஏழு. மெல்லிசு ஊசி ஆறு. பையக் கொட்டிப் பார்த்தேன். ஆறு. மேசைக்கடியில, பெல்ட்டுக்கடியில, என் செருப்புக்கடியில முட்டி போட்டுத் தேடுனேன். ஆறுதான்.

மூணு டிரேயும் திரும்ப வந்தா மெஷின்ல விட்டுப் பார்த்துரலாம், மெஷின் கத்தும்னுதான் நெனச்சேன். புதுசா வர்றவங்களுக்கு, என்னை ஏமாத்துனாலும் இந்த மெஷினை ஏமாத்த முடியாதுன்னு நானேதான் சொல்லித் தருவேன். சந்தேகத்துக்கு, முந்தின நாளோட மெல்லிசு ஊசி ஒண்ணை, கழிச்சு ஓரமாப் போட்ட ஒரு ஜம்ப் சூட்டுக்குள்ள சுத்தி பெல்ட்டுல விட்டேன். அந்தப் பக்கம் போயிருச்சு. மெஷின் கம்முனு இருந்துச்சு.

துணியத் திருப்பிப் போட்டு விட்டேன். கம்முனு இருந்துச்சு. இரும்பு வெச்ச டெஸ்ட் கார்டை விட்டேன், கத்துச்சு. மறுபடி ஊசிய விட்டேன், சத்தமே இல்ல. அப்பத்தான் மண்டையில ஒறைச்சுது. தையல் ஊசி இரும்பு, இந்த மெஷின் இரும்பைத்தான் புடிக்கும். ஆஸ்பத்திரி ஊசி எவர்சில்வர் ஜாதி. அத்தனை வருசமா நான் நம்புன மெஷின் என் ஊசியப் பார்த்துட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி வழி விடுது. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன். மறைச்சிரலாம்னுதான் மொதல்ல தோணுச்சு. எந்த மெஷினும் கத்தாது, எந்த நோட்டுலயும் இருக்காது. கன்டெய்னர் போனா கடல் தாண்டிப் போயிரும். சொன்னா, வைத்தியம் ஊருக்கே தெரியும், வேலையும் போகும்.  ஆனா கண்ணு முன்னால ஒரு கொழந்தைதான் வந்துச்சு. மூஞ்சி தெரியல. வெள்ளை ஜம்ப் சூட்டு போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே இருக்குது, என்னத்துக்கு அழுவுதுன்னு அதும்பட அம்மாவுக்குத் தெரியல. எந்திரிச்சுட்டேன்.

ஃப்ளோர் மேனேஜரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். கண்டிப்பான மனுசன், பொம்பளைங்ககிட்ட நிமிந்து பேச மாட்டாரு. கண்ணாடி ரூமுக்குள்ள போயி, நின்ன வாக்குல எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொழந்தை, ஊசி, ஆறு மணி, டிரே, மெஷின் கத்தலை. அவரு ஏன்னு கேக்கல, எதுக்குன்னு கேக்கல.

"எத்தனை ஊசிம்மா?"

"ஒண்ணுங்க பாய்."

கன்டெய்னரை நிறுத்தச் சொல்லிப் போன் போட்டாரு. அந்த மூணு டிரேத் துணியும் கவருக்குள்ள போயி, மத்த துணியோட கலந்து அட்டைப்பெட்டியில ஏறிருச்சு. எல்லாத்தையும் பிரிச்சுக் கையால தடவித்தான் பார்க்கணும். அதுக்குத் தேடறது எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியணுமில்ல? நானேதான் காட்டியாகணும். பேக்கிங் செக்‌ஷன்ல நாப்பது பொம்பளைங்க முன்னால ஸ்டூல் மேல ஏறி, டப்பாவுல இருந்து ஒரு மெல்லிசு ஊசிய எடுத்துத் தூக்கிப் புடிச்சேன். இது என்னுது, எனக்கு நானே போட்டுக்கறது, இதே மாதிரி ஒண்ணு துணிக்குள்ள போயிருக்கும், கையக் குத்திக்காம பார்த்துத் தேடுங்கன்னேன்.    எல்லாரும் என் வயித்தைப் பார்த்தாங்க, அப்புறம் குனிஞ்சு கவரைக் கிழிக்க ஆரம்பிச்சாங்க.

ஒரு மணி நேரம். கழுத்து, கை, கால், மடிப்பு, பட்டன் பட்டி. ஒவ்வொரு துணியவும் ரெண்டு பேரு தடவுனாங்க. நானும் ஒரு மேசையில நின்னேன். பெட்டிங்க காலியாகக் காலியாக எண்ணிக்கிட்டே இருந்தேன். இன்னும் நாலு பெட்டி, இன்னும் ரெண்டு பெட்டி. கெடைக்கல. கடைசிப் பெட்டியும் முடிஞ்சுது. கெடைக்கல. பாய் தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

எனக்கு எதிர்த்தாப்புல நின்ன செக்கிங் அக்கா தேனிப் பக்கத்துக்காரங்க. வாயாடி. எனக்கும் அவங்களுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது வரும். அவங்க கையில இருந்த துணியக் கீழே வெச்சுட்டு என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சுத்திக்கிட்டு வந்து, என் கையப் புடிச்சு ரேக்குக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்க. என் சுடிதார்ல, இடுப்புக்கிட்ட, பொட்டுப் பொட்டா நாலஞ்சு எடத்துல ரத்தம்.

டாப்பைத் தூக்கிப் பேண்ட்டோட நாடாப் பட்டியத் திருப்புனாங்க. அதுக்குள்ள இருந்துச்சு. பட்டியோட சுருண்டு, குத்திட்டு, முனை என் பக்கமா. பேண்ட்டை இழுத்து விட்டேன் பாருங்க, அப்பச் சிக்குனது. முட்டி போட்டப்ப, ஸ்டூல்ல ஏறுனப்ப, குனிஞ்சப்ப, ஒரு மணி நேரத்துக்கு மேல என் வயித்தையேதான் குத்திக்கிட்டு இருந்திருக்குது. ஊருல இருக்கற துணியெல்லாம் தேடுனேன், என்னையத் தேடல.

அக்கா ஊசியப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பார்த்தாங்க.

"ஏ தாயி, இம்புட்டு நேரமும் வலிக்கலையா ஒனக்கு?"

"வலிச்சுதுங்க்கா. எப்பவும் வலிக்கறதுதானேன்னு நெனச்சேன்."

சொன்னதுக்கு அப்புறந்தான் அந்தச் சொல்லு எனக்கே கேட்டுச்சு. அட்டைப்பெட்டி மேல உக்காந்துட்டேன். கொழந்தைங்க துணிக்குள்ள போகலைங்கற நிம்மதியில அழறனா, இத்தனை நாளா எம்பட வலி எனக்கே தெரியாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு அதிர்ந்து அழறனா, தெரியல. ரெண்டுந்தான்.

கன்டெய்னர் ரெண்டு மணி நேரம் லேட்டாப் போச்சு. வேலை போகும்னுதான் நின்னேன். பாய் நோட்டைக் கொண்டு வரச் சொன்னாரு. இது தையல் ஊசி இல்லீங்களேன்னேன். ஊசி ஊசிதான்மா, எழுதுங்கன்னாரு. ஊசிய டேப் போட்டு ஒட்டுனேன். மெஷின் நம்பர்ங்கற எடத்துல கோடு போட்டேன். துண்டு முழுசா இருக்கான்னு கேட்டிருந்துச்சு, முழுசுன்னு எழுதுனேன். கெடைச்ச இடம்ங்கற எடத்துல பேனா நின்னுருச்சு. தரை, மெஷின் பெட், துணி மடிப்பு, இப்படித்தான் அத்தனை வருசமா எழுதியிருக்கறேன். என் வயிறுன்னு எழுதுனேன். பாய் தலைய நிமித்தாமக் கையெழுத்துப் போட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கெழமை ஓவர்டைம் இருக்குதில்ல, ஆறு மணிக்கு அந்த ரூம்ல துணி எதுவும் வெக்க வேண்டாம்னு மட்டும் சொன்னாரு.

அந்தத் தடவையும் தங்கல. அதுக்கு அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சாச்சு. ஆனா அந்த வருசத்தை நெனைச்சா எனக்கு ஆஸ்பத்திரி நெனப்புக்கு வர்றதில்ல, எட்டாம் நாள் சாயங்காலந்தான் வருது.

ஆறு மணிக்கு நான் பையோட போறேன், ரூம் வாசல்ல அந்தத் தேனியக்கா ஊசி நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கறாங்க. என்னங்க்கான்னேன். புது ஊசி எடுத்தா எழுதணும், திரும்பக் குடுத்தா எழுதணும், உங்க ரூல்தானே மேடம்னு சொல்லிட்டு, எனக்கு முன்னால உள்ளே போயித் தாழ் போட்டாங்க. எனக்குக் கோவம் வரணும். வரல. மருந்துப் பாட்டிலை வாங்கித் தன் உள்ளங்கையில பொத்தி வெச்சுக்கிட்டாங்க. நான் வழக்கம் போல டாப் ஓரத்தைச் சுருட்டி வாயில வெக்கப் போனேன், அதைப் புடுங்கித் தன் கையில புடிச்சுக்கிட்டாங்க. ஊசி எறங்குனதும் சத்தமா எண்ணுனாங்க, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும். ஊசிய உருவிக் கழட்டுனேன். டப்பாவை நீட்டுனாங்க, போட்டேன். நோட்டுல எழுதுனாங்க.

அப்புறம் வலிச்சுதான்னு கேட்டாங்க. வலிச்சுதுங்க்கா, உசுரு போற மாதிரி வலிச்சுதுன்னு சொன்னேன்.